அடித்த பிறகு நிற்க முடிகிறதா? மட்டை வீச்சில் சமநிலையைப் பழகும் வழிகள்

கோல்புக்கும் ஏறாவூருக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் புன்னைக்குடாக் கடல், நடுவே நெருக்கமாக வீடுகளும் கடைகளும் என்று அமைந்த ஊர் இது. இங்கே கோல்ப் மைதானம் கிடையாது. கிழக்கு மாகாணத்தில் அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை வைத்திருக்கும் மைதானத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு, நுவரெலியா, திகன, அம்பாந்தோட்டை என்று நீண்ட பயணம்தான்.

ஆனால் கோல்ப் பயிற்றுவிப்பாளர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாக ஒரே ஒரு அசைவைப் பற்றித்தான் யோசித்து வந்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் நின்று, உடலைத் திருப்பி, ஒரு மட்டையை வேகமாக வீசி, பந்தை அடித்துவிட்டு, விழாமல் நிற்பது. மாலையானதும் நமது வெட்டவெளிகளில் மென்பந்து கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் செய்வதும் பெரும்பாலும் இதே அசைவைத்தான். கோல்பில் இதற்கென்று உருவான பயிற்சிகள் எளிமையானவை. காசு தேவையில்லை, புல்வெளியும் தேவையில்லை. ஒரு மட்டையும் பத்தடி இடமும் இருந்தால் போதும். அவற்றை நமது துடுப்பாட்டத்துக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் பார்ப்போம்.

மென்பந்து மன்னிக்கும், கடினப்பந்து மன்னிக்காது

சமநிலையைப் பற்றி ஏன் இவ்வளவு அக்கறைப்பட வேண்டும்? ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் சிக்ஸர் சிக்ஸராக அடிக்கும் ஒரு தம்பி, பாடசாலை அணிக்கோ கழக அணிக்கோ கடினப்பந்து ஆடப் போனதும் திணறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். "மென்பந்தில் புலி, கடினப்பந்தில் பூனை" என்று கேலி செய்துவிட்டுப் போய்விடுகிறோம். காரணம் பந்தின் எடையிலேயே தொடங்குகிறது.

ஒரு டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம் வரை. ஆண்களுக்கான கிரிக்கெட் கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. இலேசான பந்தைக் கைப்பலத்தால் மட்டும் தூக்கி அடித்துவிடலாம். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, பின்னங்கால் வழுக்கி, மட்டை வேறு திசையில் போனாலும் பந்து எல்லையைத் தாண்டிவிடும். கடினப்பந்து அப்படிப் போகாது. மட்டையின் சரியான பகுதியில் பட வேண்டும். பின்னால் உடம்பின் எடையும் சேர்ந்து வர வேண்டும். சாய்ந்துகொண்டே அடித்தால் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் பிடியாகப் போகும், அல்லது காலில் பட்டு எல்.பி.டபிள்யூ ஆகும்.

நேரமும் குறைவு. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வர ஏறத்தாழ அரை விநாடிதான் எடுக்கும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, காலை நகர்த்தி, மட்டையையும் வீச வேண்டும். கால் தடுமாறினால் அதைத் திருத்த நேரம் மிஞ்சாது. ஆகவே கடினப்பந்துக்குப் போக விரும்பும் ஒருவர் முதலில் பழக வேண்டியது புதிய அடிகளை அல்ல, தனது கால்களை.

உடம்பு எப்படி நிற்கிறது

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது உணர்கிறது. மூன்றாவது உள்ளங்கால், கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய இடங்களில் உள்ள உணர்வு நரம்புகள். கண்ணை மூடினாலும் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதே, அது இந்த மூன்றாவது உணர்வால்தான்.

மட்டையை வீசும்போது கண் பந்திலேயே இருக்க வேண்டும். ஆகவே நிற்பதற்கான வேலையில் பெரும்பகுதியைக் கால்களின் உணர்வும் உட்காதுமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. கால்களின் இந்த உணர்வைப் பயிற்சியால் கூர்மைப்படுத்தலாம். கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு மருத்துவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி கொடுப்பதும் இதனால்தான். சமநிலை பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று நினைத்துப் பழகாமல் விடுவது தவறு.

இன்னொரு அடிப்படை விடயம். இரண்டு பாதங்களுக்கும் இடையில் உள்ள பரப்புக்கு மேலே உடம்பின் எடை மையம் இருக்கும்வரை நாம் விழ மாட்டோம். அந்தப் பரப்புக்கு வெளியே எடை போனதும் கால் தானாக நகர்ந்து பிடித்துக்கொள்ளப் பார்க்கும். மட்டை வீச்சில் எடை ஓரிடத்தில் நிற்பதில்லை. மட்டை பின்னே போகும்போது எடை பின்னங்காலுக்குச் செல்கிறது, அடிக்கும் நேரத்தில் முன்னங்காலுக்கு வருகிறது, முடிவில் முழுவதும் முன்னங்காலில் தங்குகிறது. வலது கை ஆட்டக்காரருக்கு முன்னங்கால் என்பது இடது கால். நல்ல கோல்ப் வீரர் பந்தை அடிக்க மட்டையைக் கீழே கொண்டுவர எடுக்கும் நேரம் கால் விநாடி அளவுதான். அந்த நேரத்தில் முன்னங்கால் நிலத்தை அழுத்தும் விசை அவரது உடல் எடையையே தாண்டிவிடும். அடியின் பலம் நிலத்தில் தொடங்கி, கால், இடுப்பு, மார்பு, தோள், கை என்று ஏறி, கடைசியில்தான் மட்டைக்கு வருகிறது. கால் வழுக்கினால் அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும்.

தலையை மறந்துவிடக் கூடாது. வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை கொண்டது. அது உடம்பின் உச்சியில் இருப்பதால், கொஞ்சம் சாய்ந்தாலும் முழு உடம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

வாவியில் வலை வீசுபவரைப் பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக் காணொளிகளைத் தேட வேண்டியதில்லை. வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிபவரைக் கவனித்தால் போதும். அவர் கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடித்து நிற்பார். வலையைக் கையிலும் தோளிலும் ஒழுங்காக எடுத்துக்கொள்வார். உடம்பை ஒரு பக்கம் திருப்பி, அங்கிருந்து இடுப்பைச் சுழற்றி, வலையை விடுவார். விளிம்பில் உள்ள ஈயக் குண்டுகள் சுழற்சியால் வெளியே தள்ளப்பட்டு வலை வட்டமாக விரியும்.

அவர் கைகளால் மட்டும் தள்ளினால் வலை விரியாமல் சுருண்டு விழும். எறிந்த வேகத்தில் அவரே முன்னே சாய்ந்தால் தோணி ஆடும். ஆளும் தண்ணீரில் விழலாம். ஆடும் தோணியில் நின்று உடம்பைச் சுழற்றுவது, சுழற்றிய பிறகும் நின்ற இடத்திலேயே நிற்பது என்ற இரண்டும் அவருக்குக் கைவந்திருக்கின்றன. எந்தப் புத்தகமும் படித்து அவர் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. சிறு வயதில் முழங்கால் தண்ணீரில் நின்று, சின்ன வலையோடு, மெதுவாகத் தொடங்கி, நூற்றுக்கணக்கான தடவை எறிந்து பழகியிருப்பார். கீழே வரும் பயிற்சிகளும் அதே ஒழுங்கில்தான் போகின்றன: முதலில் மெதுவாக, சிறிதாக, பிறகு வேகமாக, பெரிதாக.

முதலில் உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

பயிற்சிக்கு முன் இரண்டு சோதனைகள்.

முதலாவது, ஒற்றைக்காலில் நிற்பது. கைகளை இடுப்பில் வைத்து, கண்ணைத் திறந்தபடி, ஒவ்வொரு காலிலும் 30 விநாடி நின்று பாருங்கள். பிறகு கண்ணை மூடி எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் மற்றதை விடப் பலவீனமாக இருக்கும். அது முன்னங்காலாக இருந்தால் அதற்கே கூடுதல் பயிற்சி தேவை.

இரண்டாவது, பந்தில்லாமல் முழு வேகத்தில் ஒரு தடவை மட்டையை வீசுங்கள். வீசி முடித்த நிலையில் அப்படியே மூன்று எண்ணுங்கள். கால் நகர்ந்தால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். நண்பர் ஒருவரைக் கையடக்கத் தொலைபேசியில் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தக் காணொளியை அழித்துவிடாதீர்கள். ஆறு கிழமை கழித்து ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

ஆறு பயிற்சிகள்

ஒரு முன்னெச்சரிக்கை. மட்டை வீசும் இடத்தைச் சுற்றி, மட்டை எட்டக்கூடிய தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. சிறு பிள்ளைகள் பின்பக்கமாக ஓடிவருவார்கள். வீசுவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கால்களைச் சேர்த்து வைத்து அடித்தல்

கோல்பில் பழைய பயிற்சிகளில் ஒன்று இது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நின்று, பாதி வீச்சில், பாதி வேகத்தில் பந்தை அடிக்க வேண்டும். கால்கள் சேர்ந்திருப்பதால் நிற்கும் பரப்பு சிறிதாகிவிடுகிறது. கையால் இழுத்து அடித்தால் உடனே தடுமாறுவீர்கள். உடம்பு நடுவில் இருந்தபடி சுழன்றால் மட்டுமே நிற்க முடியும். எங்கே தவறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கால்களே சொல்லிவிடும்.

பந்தை ஒரு சிரட்டையைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கலாம், அல்லது மணலைக் குவித்து வைக்கலாம். இப்போது கோல்பில் பந்தை வைக்கப் பயன்படும் சிறு குச்சி வருவதற்கு முன், அங்கேயும் ஈர மணலைக் குவித்துத்தான் பந்தை வைத்தார்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை அடியுங்கள். நிலையாக அடிக்க முடிந்த பிறகு நண்பர் ஒருவரை அருகிலிருந்து மெதுவாகப் பந்தைப் போடச் சொல்லுங்கள்.

2. முடிவில் மூன்று எண்ணுதல்

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் முடிவு நிலையில் மூன்று எண்ணும்வரை நில்லுங்கள். எடை முழுவதும் முன்னங்காலில் இருக்க வேண்டும். பின்னங்காலின் விரல் நுனி மட்டும் நிலத்தைத் தொட்டபடி, குதி மேலே தூக்கியிருக்க வேண்டும். பந்து எங்கே போனது என்பது இரண்டாவது கேள்வி. நிற்க முடியாத அடி எல்லையைத் தாண்டினாலும் பயிற்சியில் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். போட்டியில் அடித்ததும் ஓட வேண்டியிருக்கும் என்பது உண்மை. பயிற்சியில் நின்று பழகியவர்தான் போட்டியில் சரியாக ஓட்டத்தைத் தொடங்கவும் முடியும்.

3. முன்னங்காலில் மட்டும் நின்று அடித்தல்

பின்னங்காலை ஓரடி பின்னே இழுத்து, விரல் நுனியை மட்டும் நிலத்தில் வையுங்கள். எடையில் பெரும்பகுதி முன்னங்காலில் இருக்கட்டும். இந்த நிலையில் கால் வீச்சு அளவுக்கு மெதுவாக அடியுங்கள். பின்னால் சாய்ந்து பந்தைத் தூக்கப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல மருந்து. பிறகு பின்னங்காலிலும் செய்து பாருங்கள். எழும்பி வரும் பந்துக்குப் பின்னங்காலில் நின்று அடிக்க வேண்டிய சந்தர்ப்பம் கிரிக்கெட்டில் அடிக்கடி வரும்.

4. அடியெடுத்து வைத்து அடித்தல்

கால்களைச் சேர்த்து நிற்கத் தொடங்குங்கள். மட்டை பின்னே போகும்போதே முன்னங்காலை முன்னே எடுத்து வையுங்கள். பாதம் நிலத்தில் பதிந்த பிறகுதான் மட்டை முன்னே வர வேண்டும். பாதம், இடுப்பு, தோள், கை, மட்டை என்ற வரிசையை உடம்புக்குப் பழக்கும் பயிற்சி இது.

கோல்புக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை இணைப்பதும் இந்தப் பயிற்சிதான். கோல்பில் பந்து நிற்கிறது, கிரிக்கெட்டில் வருகிறது. கோல்ப் வீரர் ஆற அமர நிலையெடுக்கலாம். துடுப்பாட்ட வீரர் ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக நிலையெடுக்க வேண்டும். கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே மட்டையை வீசுவதுதான் மென்பந்து ஆட்டக்காரர்களிடம் அதிகம் காணப்படும் குறை. "கால் பதியட்டும், பிறகு அடி" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

5. அடித்துவிட்டு நடத்தல்

தென்னாபிரிக்காவின் புகழ்பெற்ற கோல்ப் வீரர் கெரி பிளேயர், பந்தை அடித்த வேகத்திலேயே பின்னங்காலை முன்னே எடுத்து வைத்து, இலக்கை நோக்கி நடந்துவிடுவார். அவர் அதிகம் உயரமில்லாதவர். தன் எடை முழுவதையும் அடிக்குள் கொண்டுவர அவர் கையாண்ட வழி அது. இன்றும் பயிற்றுவிப்பாளர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடித்த பிறகு பந்து போகும் திசையில் ஒரு அடி எடுத்து வையுங்கள். எடை பின்னங்காலிலேயே தங்கிவிட்டால் இந்த அடியை எடுக்கவே முடியாது. கிரிக்கெட் ஆடுபவர்களுக்கு இது ஓட்டம் எடுக்கத் தொடங்கும் முதல் அடியாகவும் ஆகிவிடும்.

6. மணலில் வெறுங்காலோடு மெதுவான வீச்சு

அமெரிக்க கோல்ப் வீரர் சாம் ஸ்னீட் வெறுங்காலுடன் பயிற்சி செய்வதில் பெயர் பெற்றவர். சப்பாத்து இல்லாதபோது உள்ளங்கால் நிலத்தை நன்றாக உணர்கிறது, அளவுக்கு மீறிய வேகத்தில் வீசவும் முடிவதில்லை. நமக்குக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. அலை தொட்டுப்போன இறுகிய ஈரமணலில் தொடங்கி, பழகிய பிறகு காய்ந்த மணலுக்கு வாருங்கள். பந்து வேண்டாம். ஒரு முழு வீச்சைப் பத்து விநாடி எடுத்து, மிக மெதுவாகச் செய்யுங்கள். வேகத்தில் மறைந்துபோகும் தடுமாற்றமெல்லாம் மெதுவான வீச்சில் வெளியே வந்துவிடும். வீசி முடித்ததும் மணலில் உங்கள் காற்தடத்தைப் பாருங்கள். விரல் பக்கம் ஆழமா, குதிப் பக்கம் ஆழமா என்று அது காட்டிக்கொடுக்கும்.

போத்தல் துண்டு, சிப்பி, தூண்டில் முள் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவர்கள் இந்தப் பயிற்சியை வெறுங்காலுடன் செய்யக் கூடாது. காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

தடுமாற்றம் எதைச் சொல்கிறது

விழும் திசையைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ளவை வலது, இடது கை ஆட்டக்காரர் இருவருக்கும் பொருந்தும்.

விரல் நுனிப் பக்கம் முன்னே சாய்ந்தால், நிற்கும்போதே எடை விரல்களில் இருந்திருக்கும். அல்லது பந்தை எட்டிப் பிடிப்பதுபோல் கையை நீட்டி அடித்திருப்பீர்கள். தலையைப் பந்துக்கு அருகில் கொண்டுபோங்கள், முழங்காலைச் சற்று மடியுங்கள்.

குதிப் பக்கம் பின்னே சாய்ந்தால், பந்துக்குப் பயந்து உடம்பு விலகுகிறது என்று பொருள். மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு வருபவர்களுக்கு இது இயல்பானது. காலுறை, கையுறை, தலைக்கவசம் எல்லாம் அணிந்து, மெதுவான பந்தில் தொடங்கினால் பயம் படிப்படியாகக் குறையும். பயத்தைத் திட்டிப் போக்க முடியாது.

எடை பின்னங்காலிலேயே தங்கினால், பந்தைத் தூக்கி அடிக்கும் ஆசையில் தோள் பின்னே சரிகிறது. மூன்றாவது, ஐந்தாவது பயிற்சிகளை அதிகமாகச் செய்யுங்கள்.

தலை ஓஃப் திசைப் பக்கம் சரிந்தால், நேராக வரும் பந்து மட்டைக்கு எட்டாமல் காலில் படும். கண்கள் இரண்டும் நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கின்றனவா என்று காணொளியில் பாருங்கள். ஒரு கண் மற்றதை விடக் கீழே இருந்தால் தலை சாய்ந்திருக்கிறது.

எல்லாப் பக்கமும் தடுமாறினால் மட்டையையும் சந்தேகியுங்கள். நானாவின் பெரிய மட்டையைத் தம்பி தூக்கிக்கொண்டு ஆடுவது எங்கள் ஊர்களில் வழமை. மேல் கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, தோள் உயரத்துக்கு நீட்டி, அரை நிமிடம் வைத்திருக்க முடியாவிட்டால் அது அந்தப் பிள்ளைக்குப் பாரமான மட்டைதான்.

வசதி இல்லை என்பது முழுக் காரணம் ஆகாது

கோல்பும் கிரிக்கெட்டும் சந்தித்த மிகப் புகழ்பெற்ற இடம் ஒரு வீட்டுப் பின்வளவு. அவுஸ்திரேலியாவில் பௌரல் என்ற சிறு ஊரில், டொனல்ட் பிரட்மன் சிறுவனாக இருந்தபோது ஒரு கோல்ப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் எறிந்து, அது எகிறித் திரும்பி வரும்போது ஒரு விக்கெட் தடியால் அடித்துப் பழகினார். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத சிறு பந்து, அதை அடிக்க மெல்லிய தடி. கால்களும் தலையும் நிலையாக இல்லாவிட்டால் ஒரு பந்தைக்கூடத் தொட முடியாது. டெஸ்ட் போட்டிகளில் அவர் பெற்ற 99.94 என்ற சராசரியை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. எல்லோரும் பிரட்மன் ஆகிவிட முடியாது. ஆனால் பயிற்றுவிப்பாளர் இல்லாமலும் ஒழுங்காகப் பழகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இலங்கையில் கோல்ப் பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் பிழையில்லை. ஆனாலும் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கெடிகளாக மைதானத்துக்குள் நுழைந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு தொழில்முறை வீரர்களானவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற தமிழ்ப் பெயர்களை இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளின் புள்ளிப் பட்டியல்களில் காணலாம். மட்டக்களப்பிலும் அடிப்படைப் பயிற்சிக்கு ஒரு மரபு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களை விளையாட்டில் வளர்த்த இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபரின் பெயரில்தான் நகரின் வெபர் மைதானம் இருக்கிறது.

இந்தப் பயிற்சிகளுக்கு மைதானம் தேவையில்லை என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாலை நேர மைதானங்களில் நமது பெண்பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அரிது. ஆறில் ஐந்து பயிற்சிகளை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். நானாவோ வாப்பாவோ பந்தைப் போட்டுக் கொடுத்தால் போதும்.

ஆறு கிழமைத் திட்டம்

ஒரு நாளைக்கு 15 நிமிடம், கிழமைக்கு நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் செய்துவிட்டு ஒரு கிழமை விடுவதில் பயனில்லை. களைத்த கால்கள் தவறான பழக்கத்தையே கற்றுக்கொள்ளும்.

முதல் இரண்டு கிழமை: ஒற்றைக்காலில் நிற்பது, முதலாம், ஆறாம் பயிற்சிகள். பாதி வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

மூன்றாம், நான்காம் கிழமை: இரண்டாம், மூன்றாம், நான்காம் பயிற்சிகளைச் சேருங்கள். நண்பர் மெதுவாகப் பந்தைப் போடட்டும். பத்து அடியில் எட்டில் மூன்று எண்ணும்வரை நிற்க முடிந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள்.

ஐந்தாம், ஆறாம் கிழமை: ஐந்தாம் பயிற்சியையும் சேர்த்து, உண்மையான பந்துவீச்சுக்கு ஆடுங்கள். முழுப் பலத்தில் அல்ல, முக்கால் பலத்தில். முக்கால் பலத்தில் அடித்த பந்து முழுப் பலத்தில் அடித்ததை விடத் தூரம் போவதைக் கண்டு பலர் ஆச்சரியப்படுவார்கள். மட்டையின் நடுவில் பட்டதே அதற்குக் காரணம்.

நண்பகல் வெயிலில் வேண்டாம். காலையிலோ, அஸர் தொழுகைக்குப் பிறகோ செய்யலாம். நோன்பு மாதத்தில் பகலில் மெதுவான வீச்சோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலிலோ இடுப்பிலோ நோவு வந்தால் நிறுத்துங்கள். அது இரண்டு மூன்று நாளில் போகாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள்.

விளையாடாதவர்களுக்கும் ஒரு சொல்

இந்தக் கட்டுரையைத் தம்பிமாருக்காகப் படித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உலகில் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 60 வயதைத் தாண்டியவர்கள்தான் இதில் அதிகம். 2022ஆம் ஆண்டு வெளியான பிரேசில் ஆய்வொன்றில் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை 10 விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐவரில் ஒருவரால் நிற்க முடியவில்லை. அடுத்து வந்த ஏழு வருடங்களில், நிற்க முடியாதவர்களுக்கு மரண ஆபத்து மற்றவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. நிற்க முடியாமைதான் அவர்களைக் கொன்றது என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் பொதுவான நிலையை அது காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே மட்டையைத் தொடாதவர்களும் சுவரையோ கதவு நிலையையோ பிடித்தபடி, பல் விளக்கும் நேரத்தில் ஒவ்வொரு காலிலும் சில விநாடி நின்று பழகலாம். தலைச்சுற்று உள்ளவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம்.

இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான். நாளை மாலை ஆட்டம் தொடங்குவதற்கு முன், அணியில் எல்லோரும் வரிசையாக நின்று, பந்தில்லாமல் ஒரு வீச்சு வீசி, மூன்று எண்ணுங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு கிழமை கழித்து அதையே மறுபடியும் செய்து, முன்பு எடுத்த காணொளியோடு ஒப்பிடுங்கள். கடினப்பந்துத் தெரிவுக்குப் போகும் பிள்ளை யார் என்பது அப்போது ஓரளவு தெரிந்துவிடும்.